ஷெஃப் அமைத்த வட்டமா, நீங்கள் தெரிவுசெய்யும் பேரவையா?

தொழில் சட்ட ஆலோசனை: வாசகர் கேள்வி

ஜேர்மனியின் ரூர் பகுதியிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறோம்.

அவர் பதினொரு வருடமாக ஒரு பாண் தொழிற்சாலையின் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்கிறார். நிரந்தர வேலை ஒப்பந்தமும் காலவரையற்ற வதிவிட அனுமதியும் இருக்கின்றன. ஜேர்மன் குடியுரிமை எடுக்கவில்லை. அங்கே 78 பேர் நேரடி வேலையாட்கள். ஏஜென்சி மூலம் வந்த 9 பேர் ஏழெட்டு மாதமாக அதே நகரும் பட்டியில் நிற்கிறார்கள். இந்த 87 பேரில் 52 பேர் பெண்கள். தமிழர் ஆறு பேர்.

முன்பு அதிகாலை 2 மணிக்குத் தொடங்கிய சிப்ட் கடந்த வருடம் 3 மணிக்கு மாற்றப்பட்டது. அந்த மாதத்திலிருந்து சம்பளத் தாளில் இரவு வேலைக் கொடுப்பனவு இல்லை. அடுத்த நாள் சிப்ட் எப்போது என்பது முதல் நாள் இரவு வட்ஸ்அப்பில்தான் வருகிறது. பொதி கட்டும் பட்டிக்கு மேலே இரண்டு கமராக்கள் பூட்டியிருக்கிறார்கள். வயதான இரண்டு பெண்கள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். ஏனென்று கேட்க யாரும் இல்லை. முறைப்பாடுகள் கூடியபோது ஷெஃப், அதாவது முதலாளி, தானே மூன்று பேரைத் தெரிவுசெய்து “ஊழியர் வட்டம்” என்று ஒன்றை அமைத்தார். மாதம் ஒருமுறை கோப்பி குடித்துக் கதைக்கிறார்கள். இதுவரை ஒன்றும் மாறவில்லை.

இப்போது சிலர் “பெட்ரிப்ஸ்ராட்” அமைக்கலாம் என்கிறார்கள். வாசகியின் எண்ணங்களை அவர் எழுதியபடியே தருகிறோம்: “அது யூனியன்தானே, எனக்கு யூனியனில் சேர விருப்பமில்லை. நான் வெளிநாட்டுக்காரி, என் டொச்சும் (ஜேர்மன் மொழியும்) அரைகுறை, நான் நிற்க முடியாது. வந்தால் சம்பளம் கூடும் என்கிறார்கள். ஆனால் பெயர் வெளியே வந்த அன்றே என்னை நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் கம்பனியையே மூடிவிடுவார்கள் என்று என் கணவர் சொல்கிறார். வேறு வேலை தேடுவதுதான் நல்லதா?”

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிடப் போவதில்லை. பெயர் வெளியே வரும் நேரம் உண்மையிலேயே ஆபத்தான நேரம். சட்டத்துக்கும் அது தெரியும் என்பதால்தான் அந்த நாட்களுக்கென்றே தனிப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற ஒழுங்கைத் தவறவிட்டால் அது கிடைக்காது. இந்தப் பதிலில் அந்த ஒழுங்குக்குத்தான் கூடுதல் இடம் தருகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் உள்ள சில எண்ணங்களைத் திருத்த வேண்டும்.

பெட்ரிப்ஸ்ராட் யூனியன் அல்ல. தமிழில் அதை ஊழியர் பேரவை என்று சொல்லலாம். யூனியன் என்பது வெளியே இருக்கும் ஒரு சங்கம். விரும்பியவர்கள் சந்தா கட்டிச் சேர்வார்கள். பேரவையோ உங்கள் வேலைத்தளத்துக்குள், அங்கே வேலை செய்யும் எல்லோரும் வாக்களித்துத் தெரிவுசெய்யும் சட்டபூர்வ அமைப்பு. சந்தா இல்லை. உறுப்பினராக இருப்பவர் யூனியனில் சேர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1920இல் இதற்கான முதல் சட்டம் வந்தது. 1952இல் புதிய சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 1972இல் இன்றைய சட்டம் இயற்றப்பட்டது. 2021இல் வந்த திருத்தம் சிறிய தொழிலகங்களுக்குத் தேர்தலை எளிதாக்கியது. வாக்களிக்கும் உரிமையுள்ள நிரந்தர ஊழியர் ஐந்து பேர் இருந்து, அவர்களில் மூன்று பேர் போட்டியிடத் தகுதி பெற்றிருந்தால் போதும், பேரவை அமைக்கலாம். ஆனால் அது தானாக வராது. ஊழியர்கள் தொடக்கிவைக்காவிட்டால் முதலாளி அமைக்கத் தேவையில்லை. அதனால்தான் ஜேர்மனியில் பத்தில் ஒன்றுக்கும் குறைவான தொழிலகங்களில்தான் பேரவை இருக்கிறது.

குடியுரிமை பற்றிய உங்கள் எண்ணம் முழுத் தவறு. இந்தத் தேர்தலில் கடவுச்சீட்டை யாரும் பார்ப்பதில்லை. 16 வயது முடிந்தவர் வாக்களிக்கலாம். 18 வயது முடிந்து, ஆறு மாதம் அங்கே வேலை செய்தவர் போட்டியிடலாம். டொச் இவ்வளவு தெரிய வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. டொச் தெரியாத வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தேர்தல் முறை, வாக்காளர் பட்டியல், வாக்களிக்கும் விதம் எல்லாவற்றையும் பொருத்தமான முறையில் விளக்க வேண்டும் என்று தேர்தல் ஒழுங்குவிதியே தேர்தல் குழுவுக்குச் சொல்கிறது. அந்த விளக்கம் கொடுக்காததற்காகத் தேர்தல்கள் நீதிமன்றத்தில் செல்லாமல் போனதும் உண்டு. ஆகவே தமிழிலும், துருக்கிய மொழியிலும், போலிஷ் மொழியிலும் ஒரு பக்க விளக்கம் ஒட்டுவதைக் கடமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் சலுகையாகத் தருவதில்லை.

ஏஜென்சி ஆட்கள் ஒன்பது பேரையும் மறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்ய அனுப்பப்பட்டிருந்தால் அவர்களும் வாக்களிப்பார்கள், ஆட்தொகையிலும் எண்ணப்படுவார்கள். ஆனால் உங்கள் தொழிற்சாலையில் வேட்பாளராக நிற்க முடியாது.

ஷெஃப் அமைத்த வட்டத்துக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒன்றும் இல்லை. அந்த மூன்று பேர் நல்ல மனதுள்ளவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்கும் கடதாசியைக் கொடுக்க முதலாளிக்குக் கடமையில்லை; அவர்கள் “வேண்டாம்” என்று சொன்னால் எதுவும் நிற்காது; அவர்களை வேலையால் நிறுத்துவதற்குத் தடையும் இல்லை. அவர்கள் கையொப்பமிட்ட எந்த உடன்பாடும் தொழிலக ஒப்பந்தமாக எல்லோரையும் கட்டுப்படுத்தாது. பேரவை வேண்டும் என்ற கதை எழும்போது முதலாளிகள் அடிக்கடி எடுக்கும் வழி இது. “எங்களுக்குள் கதைத்துத் தீர்ப்போம், வெளி ஆட்கள் எதற்கு?” என்பார்கள். வட்டம் இருப்பது பேரவைத் தேர்தலுக்குத் தடையல்ல. வட்டத்தில் இருக்கும் மூவரும் விரும்பினால் வேட்பாளர்களாக நிற்கலாம். அவர்களைப் பகைக்காதீர்கள்.

உங்கள் மூன்று பிரச்சினைகளில் பேரவை என்ன செய்ய முடியும்?

முதலில் அந்த 3 மணி. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு மணித்தியால மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வேலை நேரச் சட்டத்தில் இரவு என்பது பொதுவாக 23 மணியிலிருந்து 6 மணி வரை. பேக்கரிகளுக்கு மட்டும் அது 22 மணியிலிருந்து 5 மணி வரை. அந்த நேரத்துக்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை விழுந்தால்தான் அது சட்டப்படி இரவு வேலை. 2 மணிக்குத் தொடங்கியபோது மூன்று மணித்தியாலம் விழுந்தது. 3 மணிக்குத் தொடங்கினால் சரியாக இரண்டு, “மேல்” இல்லை. மாறிமாறி வரும் சிப்டில் இரவு வேலை செய்பவருக்கும், வருடத்தில் 48 நாளாவது இரவு வேலை செய்பவருக்கும் சட்டம் ஈட்டு லீவோ மேலதிகக் கொடுப்பனவோ தருகிறது. வழக்கமாக 25 வீதத்தைப் பொருத்தமான அளவென்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. 3 மணியானதும் அந்தச் சட்ட உரிமை உங்கள் சம்பளத் தாளிலிருந்து விழுந்துவிட்டது. உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ, அதற்குப் பொருந்தும் கூட்டு ஒப்பந்தத்திலோ (யூனியனும் முதலாளி தரப்பும் செய்வது) இதைவிட நல்ல விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பேரவை இல்லாமலே இன்றே கேட்கலாம். கூட்டு ஒப்பந்தங்களில் உரிமை கோரும் காலம் மிகக் குறுகியது, சிலவேளை மூன்று மாதம் மட்டும். தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது பேரவையின் பங்கு. வேலை எத்தனை மணிக்குத் தொடங்குவது, எப்போது முடிவது, இடைவேளை எப்போது, மேலதிக நேரம் உண்டா என்பவற்றை முதலாளி தனியாக முடிவெடுக்க முடியாது; பேரவையின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் நடுநிலைத் தலைவர் ஒருவரின் கீழ் இணக்க சபை கூடி முடிவெடுக்கும், செலவு முதலாளியுடையது. அதாவது பேரவை இருந்திருந்தால் 2ஐ 3 ஆக்குவதற்கு முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் இரவு 9 மணிக்கு வரும் சிப்ட் பட்டியலுக்கும் அதே விதிதான். எத்தனை நாள் முன்னதாகப் பட்டியல் ஒட்ட வேண்டும் என்று எழுத்தில் ஒப்பந்தம் செய்வது புதிய பேரவைகள் முதல் வருடத்தில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை என்பது என் அபிப்பிராயம்.

கமராவும் அப்படியே. ஊழியரின் நடத்தையையோ வேலை வேகத்தையோ கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவிக்கும் பேரவையின் சம்மதம் தேவை. கமரா மட்டுமல்ல, கை ஸ்கேனர், வருகைப் பதிவு மென்பொருள் எல்லாம் இதற்குள் வரும்.

மூன்றாவது, வேலைநீக்கம். பேரவை இருக்கும் இடத்தில் ஒவ்வொரு வேலைநீக்கத்துக்கும் முன் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் கொடுத்த கடிதம் செல்லாது. சாதாரண, அதாவது அறிவித்தல் காலம் கொடுத்துச் செய்யும் வேலைநீக்கத்துக்குப் பதிலளிக்கப் பேரவைக்கு ஒரு கிழமை, உடனடி வேலைநீக்கத்துக்கு மூன்று நாள். பேரவை வேலைநீக்கத்தைத் தடுத்து நிறுத்திவிட முடியாது. ஆனால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தால், அந்த ஊழியர் வழக்குப் போட்டு, முடியும்வரை வேலையில் தொடரக் கேட்கலாம். உங்களோடு வேலை செய்த அந்த இரண்டு பெண்களுக்கும் இந்த வாய்ப்பு இல்லாமல் போனது. கடிதம் கையில் கிடைத்து மூன்று கிழமை தாண்டவில்லை என்றால் அவர்களை நாளைக்கே தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள். அங்கே “ரெக்ட்ஸ்அன்ட்ராக்ஸ்டெல்லே” என்ற பகுதியில் சட்டத்தரணி இல்லாமலே முறைப்பாட்டை எழுதித் தருவார்கள். மூன்று கிழமை தாண்டினால், தப்பான வேலைநீக்கமும் பொதுவாகச் சரியானதாகிவிடும். வாய்ச்சொல்லாலோ வட்ஸ்அப்பிலோ நிறுத்தியிருந்தால் அது செல்லாது. கையொப்பமிட்ட கடதாசி வேண்டும்.

சம்பளம் கூடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் தீர்க்கப்படும் சம்பளத்தைப் பேரவை பேரம்பேச முடியாது. வேலைநிறுத்தத்துக்கு அழைக்கவும் முடியாது. அந்த இரண்டும் யூனியனின் வேலை. பேரவை செய்யக்கூடியது, உங்களைச் சரியான சம்பளப் படியில் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. இதைத் தேர்தலுக்கு முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள். சம்பள உயர்வை எதிர்பார்த்து வாக்களித்தவர்கள் ஆறு மாதத்தில் வெறுத்துப்போவார்கள்.

ஒழுங்கு: எதை முதலில், எதைப் பிறகு

உங்கள் தொகை 87. வாக்காளர் தொகை 100 வரை உள்ள தொழிலகத்துக்கு எளிதாக்கப்பட்ட தேர்தல் முறை பொருந்தும்: இரண்டு கூட்டம், இடையில் ஒரு கிழமை. 51 முதல் 100 வரை என்றால் பேரவைக்கு ஐந்து பேர்.

முதலில் அமைதியாகக் கதையுங்கள். வேலை நேரத்தில் வேண்டாம். கம்பனியின் வட்ஸ்அப் குழுவில் வேண்டாம். கம்பனி பிரிண்டரில் ஒரு தாளும் அடிக்க வேண்டாம். தமிழர் ஆறு பேரோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு சிப்டிலும், அடுப்புப் பகுதியிலும், லொறி ஏற்றுமிடத்திலும், ஒஃபீசிலும் ஒருவராவது வேண்டும். ஒரே சமூகத்தின் பட்டியலாகத் தெரிந்தால் மற்றவர்கள் விலகிப்போவார்கள்.

இந்த நாட்களில் பெயர் கசிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் 2021இல் வந்த ஒரு வசதி இருக்கிறது. “பேரவை அமைக்கும் நோக்கத்தோடு இருக்கிறேன்” என்று எழுதி, நொத்தாரிசிடம் போய்க் கையொப்பத்தை உறுதிப்படுத்துங்கள். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆயத்த வேலைகளைத் தொடங்கிய ஒருவரை, அந்தத் திகதியிலிருந்து அழைப்பு ஒட்டும்வரை, கூடியது மூன்று மாதம், அவருடைய நடத்தையையோ ஆளையோ காரணமாகக் காட்டிச் சாதாரண முறையில் வேலைநீக்க முடியாது. மூன்று மாதம்தான் என்பதால் மிக முன்னதாகப் போய்விடாதீர்கள். வேலை குறைந்தது என்ற காரணத்துக்கு இது பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது அழைப்பு. தேர்தல் குழுவைத் தெரிவுசெய்யும் முதல் கூட்டத்துக்கு வாக்குரிமையுள்ள மூன்று பேர் அழைப்பு விடுக்கலாம். ஆனால் பாதுகாப்பு அழைப்பில் வரும் முதல் ஆறு பெயர்களுக்கும் கிடைக்கும். ஆகவே மூன்று போடாமல் ஆறு போடுங்கள். அழைப்பு ஒட்டிய நேரத்திலிருந்து தேர்தல் முடிவு அறிவிக்கும்வரை அந்த ஆறு பேரையும் சாதாரண முறையில் வேலைநீக்க முடியாது. பேரவை அமையாமல் போனாலும் அழைப்பிலிருந்து மூன்று மாதம் பாதுகாப்பு நிற்கும்.

பெயரே வெளியே வர வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. உங்கள் துறையின் யூனியன் என்ஜிஜி, அதாவது உணவு, பானம், உணவகத் தொழிலாளர் சங்கம். தொழிற்சாலையில் அதற்கு ஒரே ஒரு உறுப்பினர் இருந்தாலும் யூனியனே அழைப்பு விடுக்கலாம்; அழைப்பில் ஊழியர் பெயர் எதுவும் இருக்காது. நீங்கள் சேர விரும்பவில்லை என்கிறீர்கள். அது உங்கள் உரிமை. வேறு யாராவது ஏற்கெனவே உறுப்பினராக இருக்கலாம். முதல் தேர்தலை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நடத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அழைப்பு, கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாக ஒட்டப்பட வேண்டும். எட்டு அல்லது ஒன்பது நாள் விடுங்கள். நாள் எண்ணுவதில்தான் பலர் விழுகிறார்கள். அதில் இவை இருக்க வேண்டும்: இடம், திகதி, நேரம், வேட்பாளர் பெயர்களை அந்தக் கூட்டம் முடியும்வரை கொடுக்கலாம் என்பது, உங்கள் அளவுத் தொழிலகத்தில் ஒரு வேட்புமனுவுக்குக் குறைந்தது இரண்டு வாக்காளர் ஆதரவு தேவை என்பது, கூட்டத்திலேயே சொல்லும் பெயர்களை எழுத்தில் தரத் தேவையில்லை என்பது. ஒட்டிய அறிவித்தலைத் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கிழிக்கப்பட்டால் மறுபடி ஒட்டி மறுபடி படம் எடுங்கள். அழைப்பு ஒட்டியதும், ஊழியர் பட்டியலுக்கான எல்லா ஆவணங்களையும் மூடி ஒட்டிய உறையில் போட்டு, அழைத்தவர்களிடம் முதலாளி தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அந்த உறையை நீங்கள் திறக்கக் கூடாது. தெரிவாகும் தேர்தல் குழுதான் திறக்கும்.

முதல் கூட்டத்தை இரண்டு சிப்ட் சந்திக்கும் நேரத்தில் வையுங்கள். வேலை நேரத்தில் நடந்தால் சம்பளம் வெட்ட முடியாது. வந்திருப்பவர்களின் பெரும்பான்மையால் மூன்று பேர் கொண்ட தேர்தல் குழு தெரிவாகும். குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. குழு அங்கேயே உறையைத் திறந்து வாக்காளர் பட்டியலைத் தயாரித்து, தேர்தல் அறிவித்தலை வெளியிட்டு, வேட்பாளர்களை எடுத்துக்கொள்ளும். கூட்டம் முடிந்தபின் வரும் பெயர் ஏற்கப்படாது. ஐந்து இடத்துக்கு எட்டுப் பத்துப் பேராவது நிற்கட்டும். தெரிவாகாதவர்கள் மாற்று உறுப்பினர்களாக இருப்பார்கள், லீவிலும் வருத்தத்திலும் அவர்கள்தான் கைகொடுப்பார்கள்.

ஒரு கிழமை கழித்து இரண்டாம் கூட்டத்தில் இரகசிய வாக்கெடுப்பு. வர முடியாதவர் மூன்று நாள் முன்னதாகக் கேட்டால் தபாலில் வாக்களிக்கலாம்.

ஆண் பெண் கணக்கு ஒன்று இருக்கிறது. தொகையில் குறைந்த பாலினத்துக்கு அதன் பங்குக்கேற்ற இடங்கள் கட்டாயம். இரண்டு தொகைகளையும் 1, 2, 3 என்று வகுத்துப் பெரிய ஐந்து எண்களை எடுப்பார்கள். 52 பெண், 35 ஆண் என்றால் வரிசை 52, 35, 26, 17.5, 17.3. இதில் 35உம் 17.5உம் ஆண்களுடையவை, ஆகவே இரண்டு இடமாவது ஆண்களுக்கு. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது பாருங்கள். ஒரு ஏஜென்சிக்காரரைத் தப்பாக எண்ணினாலும் இந்தக் கணக்குக் குழம்பலாம். இப்படியான பிழைகளை வைத்து முடிவு அறிவித்து இரண்டு கிழமைக்குள் முதலாளியோ மூன்று வாக்காளரோ தேர்தலை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

எதிர்ப்பு வந்தால்

தேர்தலைத் தடுப்பதும், பயமுறுத்தியோ ஆசைகாட்டியோ திசைதிருப்புவதும் குற்றம். ஒரு வருடம் வரை சிறை அல்லது தண்டப்பணம். ஆனால் வழக்கு எடுபட எழுத்துச் சான்று வேண்டும். யார், எப்போது, எங்கே, என்ன சொன்னார், பக்கத்தில் யார் நின்றார் என்று அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

வேட்பாளர்களுக்கும் தேர்தல் குழுவினருக்கும் முடிவு வந்தபின் ஆறு மாதம் பாதுகாப்புத் தொடரும். தெரிவான உறுப்பினருக்கு நான்கு வருடப் பதவிக்காலம் முழுவதும், பிறகு ஒரு வருடமும். இவை எல்லாம் சாதாரண வேலைநீக்கத்துக்கு எதிரானவை. பாரதூரமான குற்றத்துக்கு உடனடி வேலைநீக்கம் என்ற கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது. உணவுத் தொழிலில் அந்தக் கதவு பெரும்பாலும் பாணாலும் கேக்காலும்தான் திறக்கும். 1984இல் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் விற்பனைப் பெண் ஒருவர் காசு கொடுக்காமல் சாப்பிட்டது ஒரு துண்டு கேக். அந்த அளவு சிறிய களவும் உடனடி வேலைநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்றது நீதிமன்றம். 2010இல் வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும், 1.30 யூரோ பெறுமதியான சீட்டுக்காக நிறுத்தப்பட்ட காசாளர் வென்றார். அவருக்கு முப்பது வருடத்துக்கு மேற்பட்ட சேவை இருந்ததால் நீதிமன்றம் வேறு விதமாக நிறுத்துப் பார்த்தது. நீங்கள் அந்தத் தராசில் ஏற வேண்டாம். உடைந்த பணிஸ், கழிவுக்குப் போகும் பாண், எதையும் எழுத்து அனுமதி இல்லாமல் வீட்டுக்கு எடுக்காதீர்கள். மேலதிக நிமிடங்களைச் சரியாகப் பதியுங்கள். வருத்தம் என்றால் முதல் நாளே, சிப்ட் தொடங்க முன் அறிவியுங்கள்.

உங்களை ஒஃபீசுக்குக் கூப்பிட்டு, பணத்தோடு ஒரு கடதாசி நீட்டலாம். தலைப்பில் “அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக்” என்று இருக்கும். இரு தரப்பும் சம்மதித்து வேலையை முடிக்கும் ஒப்பந்தம். அதில் கையொப்பமிட்டால் மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் போய்விடும். வேலையற்றோர் பணமும் வழக்கமாக 12 கிழமை நிறுத்தப்படும். “வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறேன்” என்று சொல்லி எழும்பி வாருங்கள். அந்த ஒரு வசனத்தை டொச்சில் நன்றாகப் பழகி வையுங்கள்.

குழுவில் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு அல்ல. காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர் பேரவைக்குத் தெரிவானாலும் அவருடைய ஒப்பந்தம் பொதுவாக அந்தத் திகதியில் முடியும். வேலைக்காக வழங்கப்பட்ட விசாவில் இருப்பவர், வேலை முன்கூட்டியே முடிந்தால் இரண்டு கிழமைக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்களை அழைப்பில் முன்வரிசைப் பெயராகப் போடாதீர்கள். உங்கள் நிலை வேறு: நிரந்தர ஒப்பந்தம், பதினொரு வருடச் சேவை, காலவரையற்ற வதிவிட அனுமதி. வேலை போனாலும் அந்த அனுமதி போகாது.

கம்பனியை மூடிவிடுவார்கள் என்ற பயத்தைப் பற்றி. தொழிற்சாலை முழுதாக மூடப்பட்டால் பேரவை உறுப்பினரின் சிறப்புப் பாதுகாப்பும் முடிந்துவிடும், இது உண்மை. ஆனால் உங்கள் கணவர் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாக்குரிமையுள்ள ஊழியர் இருபதுக்கு மேல் உள்ள நிறுவனம் மூட அல்லது பெரிதாகக் குறைக்கத் திட்டமிட்டால் பேரவையோடு பேச வேண்டும். ஊழியருக்கு நட்டஈடு வகுக்கும் “சோஸியால்பிளான்” எழுத வேண்டும். பேரவை இல்லாத இடத்தில் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. மூடும் வேலை தொடங்கியபின் அவசரமாகத் தெரிவான பேரவைக்கும் அதைக் கேட்க முடியாது என்பதே நீதிமன்ற நிலைப்பாடு. மூடுவார்கள் என்ற பயம் பேரவையை முன்னதாக அமைப்பதற்கே காரணமாகிறது.

பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் வாசகர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு: கரித்தாஸ், டியக்கோனி போன்ற தேவாலய நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே தேவாலயங்களின் சொந்த விதிப்படி எம்ஏவி என்ற ஊழியர் பிரதிநிதித்துவம் இருக்கிறது. நகரசபை, அரசு அலுவலகங்களில் பெர்சனால்ராட் என்ற ஊழியர் பிரதிநிதித்துவம். மேலே சொன்ன நாட்கணக்குகளை அங்கே அப்படியே எடுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

நீங்கள் நிற்க வேண்டுமா?

நிற்கலாம் என்பதே என் கருத்து. அரைகுறை டொச் என்கிறீர்கள். பேரவை உறுப்பினர் சட்டம் படிக்கத் தேவையான பயிற்சிக்குச் சம்பளத்தோடு போகலாம். கட்டணமும் பயணமும் முதலாளியின் செலவு. கூட்டங்கள் வேலை நேரத்தில் நடக்கும். உங்கள் அளவு நிறுவனத்தில் முழுநேரமாக யாரையும் விடுவிக்க மாட்டார்கள். அது 200 பேரிலிருந்துதான். ஆகவே பட்டியில் நின்றபடியே, தேவையான நேரத்துக்கு மட்டும் விலகிப் பேரவை வேலையைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் இடத்தை யார் பிடிப்பது என்று சிப்ட் பொறுப்பாளரோடு முதல் நாளே ஒழுங்கு செய்யாவிட்டால் பக்கத்தில் நிற்பவர்தான் உங்கள் வேலையையும் சுமப்பார், கோபமும் உங்கள் மேல் திரும்பும்.

இரகசியம் காப்பது கடினமாக இருக்கும். யாருடைய நோய், யாருடைய சம்பளப் படி, யாருக்கு வேலைநீக்கம் வரப்போகிறது என்பதெல்லாம் உங்கள் காதுக்கு வரும். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சொல்லக் கூடாது, மீறினால் தண்டனையும் உண்டு.

வேறு வேலை தேடுவதில் தவறில்லை. ஆனால் புதிய இடத்தில் முதல் ஆறு மாதம் வேலைநீக்கப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. பதினொரு வருடச் சேவையும் அதற்குரிய நீண்ட அறிவித்தல் காலமும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அந்த விலையைக் கணக்கில் எடுத்துவிட்டு முடிவெடுங்கள்.

வழமையான பேரவைத் தேர்தல்கள் நான்கு வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 1 முதல் மே 31 வரை நடக்கும்: 2022, 2026, 2030. பேரவையே இல்லாத இடத்தில் அந்த நாட்களுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எந்த மாதத்திலும் தொடங்கலாம். இந்தக் கிழமை மூன்று வேலை செய்யுங்கள். சிப்ட் மாற்றத்துக்கு முந்திய மாதத்துச் சம்பளத் தாளையும் பிந்திய மாதத்துத் தாளையும் வேலை ஒப்பந்தத்தோடு ஒன்றாக எடுத்து வையுங்கள். நிறுத்தப்பட்ட அந்த இரண்டு பெண்களுக்கும் கடிதம் எந்தத் திகதியில் கையில் கிடைத்தது என்று கேளுங்கள். அழைப்பில் பெயர் போடச் சம்மதிக்கும் ஐந்து பேரைக் கண்டுபிடியுங்கள். ஆறாவது பெயர் உங்களுடையது.